“நாங்கள் பாத்துக்கொள்ளுறம்”: யாழ்ப்பாணத்துப் பேச்சாளர் சேவை, ஒரு பாவனையாளர் மதிப்பீடு

இந்தச் சேவைக்குக் கடை இல்லை, பெயர்ப்பலகை இல்லை, விலைப்பட்டியலும் இல்லை. ஓடர் கொடுக்கவே தேவையில்லை. இனத்தைச் சொல்லி ஒருவரை அவமானப்படுத்திய செய்தி மத்தியானம் வட்ஸ்அப்பில் வந்தால், பொழுதுபட முதல் சேவை வாசலுக்கு வந்துவிடும். வருகிறவர் ஏதோ ஒரு அமைப்பின் இணைப்பாளராகவோ ஏற்பாட்டாளராகவோ ஊடகப் பேச்சாளராகவோ இருப்பார். அவரை ஆர் தெரிவுசெய்தது என்பது வீடு தேடி வந்த மனிசனிடம் கேட்கக்கூடாத கேள்வி. அவர் வாயிலிருந்து வரும் முதல் வசனம் அநேகமாக இதுதான்: “ஒண்டுக்கும் யோசியாதேங்கோ அம்மா, நாங்கள் பாத்துக்கொள்ளுறம்.”

என்னத்தைப் பார்த்துக்கொள்கிறார்கள், என்னத்தைப் பாராமல் விடுகிறார்கள் என்பதுதான் இந்த மதிப்பீடு. தனி ஒரு அமைப்பைப் பற்றியதல்ல, சேவையின் பொது வடிவத்தைப் பற்றியது. பாராளுமன்ற உறுப்பினர்களையும் சபை உறுப்பினர்களையும் இதில் சேர்க்கவில்லை. அவர்களுக்கு ஒரு வாக்குப்பெட்டியாவது இருக்கிறது, பிழை விட்டால் சனம் அதிலே கணக்குத் தீர்க்கலாம். தன்னைத் தானே நியமித்துக்கொண்டவருக்கு அந்தப் பெட்டியும் இல்லை.

சோதித்துப் பார்க்க ஒரு சம்பவத்தை வைத்துக்கொள்வோம். இருபத்திரண்டு வயதுப் பெடியன், மோட்டார் சைக்கிள், வீதிச் சோதனை. பொலிஸ் சிங்களத்தில் கேட்கிறது, அவன் தமிழில் பதில் சொல்கிறான். “கொட்டியா” (சிங்களத்தில் புலி) என்று ஏச்சு, கன்னத்தில் ஒரு அடி, முதுகில் இரண்டு. கடைசியில் சிங்களத்தில் எழுதிய கடதாசி ஒன்றில் கையெழுத்தும் வாங்கியாயிற்று. தனி ஒருவனுக்கு நடந்ததாக இதைச் சொல்லவில்லை. வடக்கில் இருக்கிற எவருக்கும் விளங்கக்கூடிய சம்பவம் என்பதால் எடுத்தோம்.

முதல் விநியோகம், அறிக்கை. வேகத்துக்கு முழுப் புள்ளி கொடுக்கலாம், இரவு எட்டு மணிக்குள் வந்துவிடும். மூன்று மொழித் தலைப்புள்ள கடிதத்தாளில் உள்ளே இருப்பது தமிழ் மட்டும். முதல் பந்தியில் “வன்மையாகக் கண்டிக்கின்றோம்”, இரண்டாவதில் 1948இலிருந்து வரலாறு, மூன்றாவதில் சர்வதேச சமூகத்துக்கு அழைப்பு, நாலாவதில் இணைப்பாளரின் பெயரும் கைபேசி இலக்கமும். இதை ஒருக்கால் பேனையோடு இருந்து வாசியுங்கள். எந்த வீதி, எத்தனை மணி, எந்த நிலையத்துப் பொலிஸ், சீருடையில் இருந்த இலக்கம் என்ன, எந்தக் கடதாசியில் கையெழுத்து வாங்கினார்கள் என்று சம்பவத்துக்கு உரிய விவரங்களுக்குக் கீழே மட்டும் கோடு போடுங்கள். ஒரு பக்க அறிக்கையில் மூன்று கோடு விழுந்தால் அது நல்ல அறிக்கை. அநேகமானவற்றில் பெடியனின் பெயருக்குக் கீழே மட்டும்தான் கோடு விழும், அந்தப் பெயரிலும் ஒரு எழுத்து மாறியிருக்கும்.

எழுத்துரு விசயத்தையும் சொல்லவேண்டும். அறிக்கைகள் பலவற்றை இன்னமும் யூனிகோட்டுக்கு முந்தின பாமினி எழுத்துருவிலேயே அடிக்கிறார்கள். அதை அப்படியே எடுத்து ஒட்டினால், அந்த எழுத்துரு இல்லாத போனில் “தமிழ்” என்ற சொல்லே நாலு ஆங்கில எழுத்தும் ஒரு அரைப்புள்ளியுமாகத் தெரியும். இதற்குப் பயந்து தாளைப் படம்பிடித்து அனுப்புகிறார்கள். படத்திலிருந்து சொற்களைப் பிழையில்லாமல் எடுப்பது கஷ்டம் என்பதால் செய்தி மேசையில் இருப்பவர் திரும்ப அடிக்கவேண்டும். இரவு ஒன்பது மணிக்கு அவர் அடிக்கும்போது 17 என்பது 11 ஆகிவிடும். பிறகு எதிர்ப்பக்கச் சட்டத்தரணி “உங்கட ஆக்களே 11ஆம் திகதி எண்டுதானே சொன்னவை” என்று அந்தத் தாளைத் தூக்கிக் காட்டலாம். யூனிகோட்டில் அடித்து, கோப்பாகவே அனுப்பினால் இந்தத் தொல்லை முழுக்க இல்லை. பாமினியில் அடித்ததை யூனிகோட்டுக்கு மாற்ற இலவச மாற்றிகளும் இருக்கின்றன. அரை நிமிட வேலை, பிறகு எண்களையும் பெயர்களையும் ஒருக்கால் ஒப்பிட்டுப் பார்த்தால் சரி.

சிங்களப் பிரதி இல்லாதது இதைவிடப் பெரிய குறை. அரசியலமைப்பின் நாலாம் அத்தியாயப்படி தமிழில் எழுதுவதற்கும் தமிழில் பதில் பெறுவதற்கும் உங்களுக்கு உரிமை உண்டு. ஆகவே அலுவலகத்துக்குப் போகும் கடிதம் தமிழில் இருப்பதில் பிழை இல்லை. ஆனால் பத்திரிகை அறிக்கை உரிமைக்காக எழுதுவதில்லையே, ஆளை அசைக்கத்தானே எழுதுகிறது? அடித்தவரின் மேலதிகாரியும் அமைச்சரும் அவருக்கு வாக்குப் போடும் சனமும் வாசிக்கிற மொழியில் ஒரு வரிகூட இல்லாவிட்டால், அது நல்லூருக்கும் ரொறன்ரோவுக்கும் நடுவில் மட்டும் ஓடுகிற கடிதம். அந்தப் பாதையில் விருப்பக்குறிகளுக்குக் குறைவில்லை.

அடுத்தது ஊடக சந்திப்பு. காலை பத்து, பத்தரைக்கு வைப்பார்கள். அந்த நேரக் கணக்கு சரி, மத்தியான இணையச் செய்திக்கும் அடுத்தநாள் பத்திரிகைக்கும் பொருந்தும். மேசையில் ஐந்து கதிரை. நடுவில் இணைப்பாளர், அவருக்கு இரண்டு பக்கமும் இரண்டு அமைப்பின் தலைவர்கள், ஒரு ஓரத்தில் ஒரு மதகுரு. மற்ற ஓரத்தில், மைக் எட்டாத கதிரையில் பெடியனின் தாய். முப்பது நிமிடத்தில் இருபத்தைந்து நிமிடம் நடுக்கதிரைக்குப் போய்விடும். பிறகு “அம்மா, நீங்களும் ரெண்டு சொல்லுங்கோ” என்று மைக்கைத் தள்ளுவார்கள். தாய் அழுவார், அந்த அழுகைதான் இரவு யூரியூப் காணொளிக்கு முகப்புப் படம். என்ன நடந்தது என்று தெரிந்த ஆள் அந்த மேசையில் அவர் ஒருவர்தான். அவரிடம் நேரமும் இடமும் கேட்க ஒரு நிருபர் வாயைத் திறந்தால், நடுக்கதிரை பதில் சொல்லும்.

ஏன் இப்படி என்பதற்கு இந்தச் சேவையின் இயந்திரத்தைத் திறந்து பார்க்கவேண்டும். பேச்சாளருக்குச் சம்பவம் என்பது மூலப்பொருள் மட்டும்தான். அவர் விற்கிற பொருள் பொதுமை: “இது தனிச் சம்பவம் அல்ல, தொடர்ச்சி.” அது பல நேரம் உண்மைதான், அதில் தகராறு இல்லை. ஆனால் தொடர்ச்சியைக் காட்டுகிறவருக்கு விவரம் தடங்கல். மோட்டார் சைக்கிளுக்குக் காப்புறுதி இருந்ததா, பெடியன் தலைக்கவசம் போட்டிருந்தானா, முதலில் ஏசியது ஆர் என்றெல்லாம் கேட்டால் கதையின் ஓட்டம் கெட்டுவிடும். ஆகவே கேட்கமாட்டார். எதிர்ப்பக்கம் ஒன்றும் விடாமல் கேட்கும், தலைக்கவசம் இல்லாதது ஒரு கிழமைக்குப் பிறகு வெளியே வரும். அடித்தது அடித்ததுதான், தலைக்கவசத்துக்கும் அடிக்கும் சம்பந்தம் இல்லை. ஆனாலும் “மறைச்சுப்போட்டினம்” என்ற ஒரு சொல் போதும், முழு முறைப்பாட்டிலும் கறை படிந்துவிடும். முதல் நாளே பேச்சாளர் அதைக் கேட்டு, முதல் அறிக்கையிலேயே ஒரு வரியில் சொல்லியிருந்தால் எதிர்ப்பக்கத்துக்குக் கையில் ஒன்றும் இருந்திராது.

இனிக் கவனயீர்ப்புப் போராட்டம். கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு முன்னால், இல்லாவிட்டால் பேருந்து நிலையத்துக்குக் கிட்ட. பத்தடி நாலடி பிளெக்ஸ் ஒன்று, அதில் அமைப்பின் பெயர் கோரிக்கையைவிடப் பெரிய எழுத்தில் இருக்கும். முக்கால் மணித்தியாலத்தில் முடிந்துவிடும். முடிவில் மாவட்டச் செயலாளருக்கு மகஜர், அதாவது கோரிக்கை மனு. கையளிக்கும் படத்தில் எட்டுக் கை அந்தக் கடதாசியைப் பிடித்திருக்கும். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், பின்னால் நிற்பவர்களில் ஒருவர் கையிலாவது இரண்டாவது கொப்பி இருக்கிறதா? இருக்காது. ஏற்றுக்கொண்ட முத்திரையும் திகதியும் விழுந்த கொப்பி உங்களிடம் இல்லாவிட்டால் அந்த மகஜர் கொடுக்கப்படவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள், படம் மட்டும் மிச்சம்.

முத்திரைக் கொப்பி இருந்தால் அடுத்த படி திறக்கும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், “இன்ன திகதி ஒப்படைத்த மகஜர் ஆருக்கு அனுப்பப்பட்டது, என்ன நடவடிக்கை, தொடர்புடைய கடிதங்களின் கொப்பி” என்று கச்சேரித் தகவல் அலுவலரிடம் கேட்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலைநாளுக்குள் தருவதா இல்லையா என்று தீர்மானம் சொல்லவேண்டும். மறுத்தால் 14 நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதுவும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. ஒரு மகஜர் கொடுக்கிற கூட்டத்தில் இருபது பேர் நிற்கிறார்கள் என்றால் இந்த விண்ணப்பத்தை எழுத ஒரு ஆள் போதும். அந்த ஒரு ஆள்தான் அகப்படுவதில்லை. இதைப் படம் எடுக்கவும் முடியாது, முகநூலில் போட்டால் ஆரும் பார்க்கவும் மாட்டார்கள்.

கடையடைப்பைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அறிவிக்கிறவருக்குச் செலவு ஒரு அறிக்கை. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் கீரை விற்கிறவருக்கும் நாட்கூலிக்குப் போகிறவருக்கும் செலவு அன்றைய உலை.

இந்தச் சேவையின் உண்மையான பழுது இவை ஒன்றுமில்லை. அது நாட்காட்டியில் இருக்கிறது.

பொலிஸ் அடித்தது அரசாங்கத்தின் நிறைவேற்றுத்துறைச் செயல். சித்திரவதையும் இழிவான நடத்துகையும் கூடாது என்கிற 11ஆம் உறுப்புரை, சட்டத்தின் முன் சமத்துவம் சொல்கிற 12(1), இனம், மொழி காரணமாகப் பாரபட்சம் கூடாது என்கிற 12(2) ஆகிய மூன்றும் மீறப்பட்டதாக, நாட்டின் ஆக உயர்ந்த நீதிமன்றமான உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுப் போடலாம். அந்த வழியைத் தருகிற 126(2)ஆம் உறுப்புரை ஒரு கெடுவையும் சேர்த்தே தருகிறது: ஒரு மாதம். மூன்று மாதமுமில்லை, ஆறு கிழமையுமில்லை. மனுவை ஆர் போடலாம் என்பதும் அதே இடத்தில் இருக்கிறது. பாதிக்கப்பட்டவர் தானே போடலாம், அல்லது அவர் சார்பில் ஒரு சட்டத்தரணி போடலாம். இணைப்பாளர், ஏற்பாட்டாளர், ஊடகப் பேச்சாளர் என்று ஒரு சொல்லும் அதில் இல்லை.

இப்போது அந்த ஒரு மாதம் சேவையோடு எப்படிப் போகிறது என்று பாருங்கள். முதல் இரண்டு நாள் அறிக்கை. நாலாம் நாள் ஊடக சந்திப்பு. எட்டாம் நாள் கவனயீர்ப்பு. பத்தாம் நாள் இரண்டு அமைப்புகளுக்கு நடுவில் ஆர் முதலில் வந்தது என்று முகநூலில் சண்டை. அதைத் தீர்க்க ஒரு கூட்டம், கூட்டத்தில் ஒரு குழு. இருபதாம் நாள் லண்டனிலிருந்து சூம் கலந்துரையாடல், நூறு பேர் பார்வையாளர், பெடியனுக்கு இணைப்பு அனுப்ப மறந்துபோயிருக்கும். இருபத்தைந்தாம் நாள் தெற்கில் வேறொரு பிரச்சினை வந்து ஊடகம் அங்கே போகும், பேச்சாளரும் போவார். முப்பத்தைந்தாம் நாள் ஆரோ ஒருவர் “வழக்குப் போடேல்லையோ?” என்று கேட்பார்.

இந்தக் கெடுவுக்கு முண்டுகொடுக்க ஒரு வழி இருக்கிறது. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க மனித உரிமைகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 13(1)ஆம் பிரிவுப்படி, அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு கொடுத்திருந்தால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் மாதக் கணக்கில் சேராது. ஆணைக்குழுவுக்கு யாழ்ப்பாணத்தில் பிராந்திய அலுவலகம் இருக்கிறது, கட்டணம் இல்லை, அவசரத்துக்கு 1996 என்ற இலக்கமும் இருக்கிறது. ஆனால் இதிலும் பலர் சறுக்குகிறார்கள். முறைப்பாடு கொடுத்த துண்டு மட்டும் காணாது. விசாரணை உண்மையில் நடந்துகொண்டிருந்ததா என்று உயர் நீதிமன்றம் பார்க்கும். ஆகவே முறைப்பாட்டு இலக்கம், பொலிசுக்கு ஆணைக்குழு எழுதிய கடிதத்தின் கொப்பி, விசாரணைக்குக் கூப்பிட்ட திகதி எல்லாவற்றையும் கேட்டு வாங்கி ஒரு கோப்பில் போட்டுவைக்கவேண்டும். பேச்சாளர்கள் “மனித உரிமைகள் ஆணைக்குழுவிலும் முறையிட்டிருக்கிறோம்” என்று மைக்கில் சொல்வது இதற்குப் போதாது. அதிலும் சில நேரம் முறையிட்டது அமைப்பின் பெயரில் இருக்கும், பெடியன் அதில் கையெழுத்தே வைத்திருக்கமாட்டான்.

மாதத்தைவிடக் கெதியாக அழிவது உடம்பு. கண்டல் சில நாளில் மஞ்சளாகத் தொடங்கும், இரண்டு கிழமைக்குள் அநேகமாக மறைந்துவிடும். அன்றைக்கே போதனா வைத்தியசாலைக்குப் போய், ஆர் எதனால் அடித்தது என்று வைத்தியரிடம் வாயால் சொல்லி அதை எழுதவைக்கவேண்டும். சட்ட வைத்திய அதிகாரி பார்க்கும்வரை வீட்டுக்கு ஓடிவரக்கூடாது. கடைக்கண்ணால் பார்த்து “ஒண்டுமில்லை” என்று அனுப்பினாலும் நோய் விபர அட்டையைக் கேட்டு வாங்கவேண்டும். அடிபட்டபோது போட்டிருந்த சேட்டைத் தோய்க்கக்கூடாது. பேச்சாளர் செய்வது வேறு. முதுகைப் படம் எடுத்துத் தன் வட்ஸ்அப் குழுவில் போடுவார். வட்ஸ்அப்பில் போன படத்தில் எடுத்த திகதி, நேரம் சொல்லும் உள்விவரம் நீங்கிவிடும், படமும் நசிந்துவிடும். எடுத்த போனில் இருக்கும் மூலப்படம்தான் சான்று. அந்தப் போன் பேச்சாளரின் போனாக இருந்தால் சான்று அவரோடு போய்விட்டது. பெடியனின் போனிலோ தாயின் போனிலோ எடுங்கள், பக்கத்தில் ஒரு அடிமட்டம் வையுங்கள், அழிக்காதேங்கோ.

சிங்களக் கடதாசியில் வாங்கிய கையெழுத்துக்கும் இதே அவசரம். “எனக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதியதில், விளங்கப்படுத்தாமல் கையெழுத்து வாங்கினார்கள்” என்று அடுத்த நாளே எழுத்தில் ஒரு இடத்தில் பதிந்திருக்கவேண்டும். மேலதிகாரிக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போதும். தபால் துண்டுக்கு உறையைவிட மதிப்பு அதிகம்.

கடதாசி இருந்தால் எல்லாம் நடந்துவிடும் என்று நாங்கள் சொல்லவரவில்லை. 2019 செப்டெம்பரில் நீராவியடிப் பிள்ளையார் கோயில் வளவில், முல்லைத்தீவு நீதிமன்றம் வேறிடம் குறித்துக் கட்டளை கொடுத்த பிறகும், அங்கே விகாரை நடத்திய பௌத்த பிக்குவின் உடலை அங்கேயே எரித்தார்கள். ஆனால் அந்தக் கட்டளை கையில் இருந்தபடியால்தான் அது “இரண்டு மதத்துப் பிணக்கு” என்று சுருங்காமல் நீதிமன்ற அவமதிப்பு என்று பேசப்பட்டது. வடக்குச் சட்டத்தரணிகள் பணிப்புறக்கணிப்புச் செய்ததும் அதை வைத்துத்தான்.

சேவையின் ஒட்டுத்தாளில் எழுதியிருக்கும் ஒரு சொல்லையும் பார்க்கவேண்டும்: “தமிழ் பேசும் மக்கள் சார்பில்.” 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி விடுதலைப் புலிகள் யாழ்ப்பாண முஸ்லிம்களை இரண்டு மணித்தியாலத்தில் ஊரைவிட்டுப் போகச் சொன்னார்கள். அவர்களும் தமிழ் பேசும் மக்கள்தான். திரும்பி வந்து சோனகத் தெருவில் வீடு கட்டுகிறவர்களுக்குக் காணியும் வீட்டுத்திட்டமும் இழுபட்ட காலத்தில் இந்தச் சொல் எத்தனை அறிக்கையில் வந்தது என்று தேடிப் பாருங்கள், அறிக்கையின் ஒட்டுத்தாளில் மட்டும் ஒட்டியிருக்கும். நேர்மையாகச் சொன்னால் மறுபக்கமும் உண்டு. கொரோனாக் காலத்தில் முஸ்லிம்களின் உடல்களைக் கட்டாயமாக எரித்தபோது, 2021 பெப்ரவரி 3 முதல் 7 வரை நடந்த பொத்துவில் முதல் பொலிகண்டி வரையான நடையில் அதை நிறுத்தும் கோரிக்கையும் இருந்தது, முஸ்லிம்களும் வழியில் சேர்ந்து நடந்தார்கள். அங்கே “சார்பில்” என்ற சொல் தேவைப்படவில்லை, ஆட்களே வந்திருந்தார்கள்.

உள்ளூர்ச் சாதி விசயத்தில் சேவை அநேகமாக மூடியிருக்கும். 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் இருக்கிறது, 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் உள்ளே விடச்சொல்லி நடந்த போராட்டம் இருக்கிறது. 2018இல் தென்மராட்சியில் ஒரு கோயில் தேரை இயந்திரம் கட்டி இழுத்த படம், சாதியால்தான் அப்படிச் செய்தார்கள் என்ற குற்றச்சாட்டோடு கடல் கடந்தும் போனது. அந்தக் கிழமை, கொழும்பு ஏசினால் இரவு எட்டு மணிக்குள் அறிக்கை விடும் கடிதத்தாள்களில் பல லாச்சிக்குள்ளேயே இருந்தன. வாடிக்கையாளர் தெரிந்துகொள்ளவேண்டிய விசயம் இது: சேவை உங்களுக்காகத் திறப்பதில்லை, எதிரி ஆர் என்பதைப் பார்த்துத் திறக்கிறது.

எங்கே இது பயன்படும்? ஒரு இடம் உறுதியாக இருக்கிறது. உங்களை அவமானப்படுத்தியது அரசாங்கம் அல்லாமல் ஒரு தனியார் கடையோ ஹோட்டலோ கம்பனியோ என்றால், 12(3)ஆம் உறுப்புரை இனம், மொழி, சாதி சொல்லிக் கடைக்குள்ளும் உணவகத்துக்குள்ளும் தடுக்கக்கூடாது என்கிறது. ஆனால் அடிப்படை உரிமை மனு நிறைவேற்றுத்துறை, நிர்வாகத்துறைச் செயலுக்கு எதிராகத்தான். தனியார் முதலாளிக்கு எதிராக அந்தக் கதவு இலகுவில் திறக்காது. அங்கே சத்தம்தான் ஆயுதம், சத்தம் போடத் தெரிந்தவர் தேவை. கம்பனிக்கு அவமானம் காசு, இரண்டே நாளில் மன்னிப்புக் கடிதம் வரும். அப்படியான சம்பவத்தில் இந்தச் சேவைக்கு ஐந்தில் நாலு கொடுக்கலாம். மற்றது, பயந்துபோய் வாயே திறக்காத குடும்பத்துக்கு அருகில் பத்துப் பேர் நிற்பது சின்ன விசயமல்ல. அடித்தவர் இரவில் வந்து “முறைப்பாட்டை வாபஸ் வாங்கு” என்று மிரட்டுகிற ஊரில் வெளிச்சம் ஒரு காவல்.

ஆனால் அந்த வெளிச்சம் பெடியன் மேல் எரியவும் கூடும். பேச்சாளர் பெடியனின் படத்தைப் போட்டு அதற்குக் கீழே ஒரு இனத்தையே ஏசி எழுதினால், 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கக் குடியியல், அரசியல் உரிமைகள் சமவாயச் (ICCPR) சட்டத்தின் 3ஆம் பிரிவை எடுத்துக்கொண்டு பொலிஸ் வர இடமுண்டு. இன வெறுப்பைத் தூண்டியதென்று குற்றம் நிரூபிக்கப்பட்டால் பத்து வருடம் வரை கடூழியச் சிறை. பிணையும் மேல் நீதிமன்றத்தில், அதுவும் விசேட காரணம் காட்டினால்தான். எழுதியவர் வெளிநாட்டில் இருந்தால் கைக்கெட்டுகிறவன் படத்தில் இருக்கிறவன்தான். உங்கள் படத்துக்குக் கீழே என்ன எழுத்து வரப்போகிறது என்று போட முதல் கேட்டு வாசியுங்கள்.

மாற்று வழி எப்படியிருக்கும் என்பதற்கு இரண்டு எடுத்துக்காட்டுப் போதும். 2017 ஜனவரி 31இல் கேப்பாப்புலவுப் பிலவுக்குடியிருப்பு மக்கள் விமானப்படை முகாம் வாசலில் தாங்களே குந்தினார்கள். கேட்டது ஒரே விசயம், படை பிடித்துவைத்திருந்த தங்கள் காணி. எல்லை தெரியும், ஆர் எந்த வளவு என்று தெரியும். மார்ச் 1ஆம் திகதி உள்ளே போனார்கள். ஆதரவுக்கு வந்த அமைப்புகள் பக்கத்தில் நின்றன, நடுக்கதிரை மக்களுடையது. 2021 ஜனவரி 8ஆம் திகதி இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபியை இடித்தபோது, மாணவர்கள் வாசலில் உண்ணாவிரதம் இருந்தார்கள். அவர்கள் கேட்டதும் ஒன்று, அதே இடத்தில் திரும்பக் கட்டு. 11ஆம் திகதி காலை துணைவேந்தரே வந்து அடிக்கல் வைத்தார். இரண்டிலும் கோரிக்கையை ஒரு வரியில் எழுதலாம், நிறைவேறியதா இல்லையா என்று ஒரு சின்னப்பிள்ளைக்கும் தெரியும். “சர்வதேச நீதி வேண்டும்” என்கிற அறிக்கைக்கு அந்த வசதி இல்லை. அது தோற்பதுமில்லை, வெல்வதுமில்லை, ஆகவே பேச்சாளருக்கு வேலை முடிவதுமில்லை.

சேவை வாசலுக்கு வந்துவிட்டால் துரத்தத் தேவையில்லை. தேத்தண்ணி கொடுத்து மூன்று கேள்வி கேளுங்கள். “உங்களிட்டை இருக்கிற சட்டத்தரணி ஆர், அவர் எண்டைக்குப் பெடியனோடை கதைப்பார்?” “மாதம் எண்டைக்கு முடியுது?” “அறிக்கை போக முதல் நாங்கள் வாசிக்கலாமோ?” மூன்றுக்கும் நேரான பதில் வந்தால் அவர் நல்லவர், கதிரையைக் கொடுங்கள். இரண்டாவது கேள்விக்கு முழித்தால் அவரை பிளெக்ஸ் பிடிக்க மட்டும் கூப்பிடுங்கள். சட்டத்தரணிக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்துக்கு வருமான விபரத்தோடு போங்கள். போகிறதென்றால் முதல் கிழமையிலேயே போங்கள், மனு கொழும்பு போய்ச் சேரவும் நாள் எடுக்கும்.

உங்கள் பெயரில் பிழையான அறிக்கை ஏற்கனவே போய்விட்டதா? அதே நாளில் அரைப் பக்கத்தில் ஒரு திருத்தம் எழுதுங்கள். பிழையான திகதி எது, சரியான திகதி எது, “எங்கள் சார்பில் கருத்துச் சொல்ல எவருக்கும் அதிகாரம் கொடுக்கவில்லை” என்று ஒரு வரி, பாதிக்கப்பட்டவரின் கையெழுத்து. ஒன்று செய்தி வெளியிட்ட இடங்களுக்கு, ஒன்று மனித உரிமைகள் ஆணைக்குழுக் கோப்புக்கு, ஒன்று சட்டத்தரணிக்கு. ஆணைக்குழுவுக்குக் கையில் கொடுக்கிறதென்றால் இரண்டு கொப்பியோடு போய், உங்கள் கொப்பியில் முத்திரை விழுந்ததும் அங்கேயே வெளிச்சத்தில் பிடித்துத் திகதி தெரிகிறதா என்று பாருங்கள். மை காய்ந்த முத்திரை போட்டோக் கொப்பியில் விழாது, இன்னொருக்கால் குத்தித் தரச் சொல்லுங்கள்.